திருடன் கைக்கு எட்டாத குண்டு

சந்தேகப்படுகிறவன் ஏமாறமாட்டான் என்று நம்புகிறவர்கள் பீர்க்கன்கரணைக்கு வந்து என்னை ஒருமுறை பார்த்துவிட்டுப் போகலாம். வங்கியில் தணிக்கைப் பிரிவில் இருந்தவன் நான். யாரையும் நம்பாமல் இருப்பதற்காகவே எனக்குச் சம்பளம் கொடுத்தார்கள். ஓய்வு பெற்றபோது மாலை போட்டு அனுப்பினார்களே தவிர, அந்தப் பழக்கத்தைத் திருப்பி வாங்கிக்கொள்ளவில்லை. அதனால் கெட்டது என் மாப்பிள்ளை சேகரின் முதல் ஆர்டர்.

சேகர் கம்பெனி வேலையை விட்டுவிட்டு, கல்யாண ஊர்வலத்துக்கு ரதம் வாடகைக்கு விடும் தொழிலில் இறங்கியிருந்தார். கோயம்புத்தூர்ப் பக்கம் யாரோ தொழிலை மூடுகிறார் என்று கேள்விப்பட்டு ஓர் அன்ன ரதத்தை வாங்கி வந்தார். நீளமான ட்ரெய்லர், அதன் மேல் ஃபைபரில் ஒரு வெள்ளை அன்னம், முதுகில் மாப்பிள்ளை உட்காரச் சிம்மாசனம். (அன்னத்தை யாரும் பார்த்ததில்லை என்ற தைரியத்தில் செய்திருந்தார்கள். வளைந்த அலகோடு கொஞ்சம் கழுகு மாதிரி இருக்கும்.)

இதைச் சாதாரண ட்ரெய்லர் போல வண்டியின் வாலில் மாட்டி இழுக்க முடியாது. அதன் இரும்புக் கழுத்து வளைந்து, பிக்கப் வண்டியில் சாமான் ஏற்றும் தளத்துக்குள்ளேயே இறங்கும். அங்கே பொருத்திய ஓர் இரும்புக் குண்டின் மேல் கிண்ணம் கவிழ்த்தது போல உட்காரும். கூஸ்நெக் என்பார்கள். சேகரின் பிக்கப்பில் அந்தக் குண்டைப் பொருத்த வேண்டும். அவ்வளவுதான் வேலை.

ஜி.எஸ்.டி. ரோட்டில் ஒரு பட்டறையில் விசாரித்தோம். "வண்டிய வுட்டுட்டுப் போங்க சார். நாளைக்கு சாயந்தரம் வந்து எடுத்துக்கினு போங்க" என்று சிரித்தார் பட்டறைக்காரர்.

ஒரு குண்டைப் பொருத்த வண்டி எதற்கு ராத்தங்க வேண்டும்? டீசலை உறிஞ்சவா? புது டயரைக் கழற்றிவிட்டுப் பழசை மாட்டவா? அவர் சிரித்த விதமும் எனக்குச் சரியாகப் படவில்லை.

"நாமளே மாட்டிடலாம், மாப்பிள்ளை" என்றேன்.

"மாமா, இதெல்லாம் நமக்கு..."

"குண்டு வந்த பெட்டியிலேயே செய்முறைத் தாள் இருக்கு. எனக்குப் படிக்கத் தெரியும்."

மாமனாரை எதிர்த்துப் பேசாத மாப்பிள்ளை கிடைத்தது பாக்கியம் என்பாள் என் மனைவி வசந்தா. அந்த வண்டிக்கு அது பாக்கியமாக அமையவில்லை.

பின் அச்சுக்குச் சற்று முன்னால் குண்டு வர வேண்டும் என்றது தாள். சாக்பீஸால் குறி போட்டேன். பிறகு ஒரு யோசனை வந்தது: இதை எவனாவது கழற்றிக்கொண்டு போய்விட்டால்? பின்கதவைத் திறந்து, குனிந்து, திருடனைப் போலக் கையை நீட்டிப் பார்த்தேன். எட்டியது. குறியை அழித்துவிட்டு, டிரைவர் கேபினை நோக்கித் தள்ளிப் போட்டேன். மறுபடி நீட்டினேன். இப்போதும் விரல்நுனி பட்டது. இன்னும் தள்ளினேன். (பக்கவாட்டிலிருந்து எவனும் எட்டிவிடலாம் என்பது தோன்றவே இல்லை. பின்னாலிருந்து வரும் திருடனை மட்டுமே நான் கணக்கில் எடுத்திருந்தேன்.)

துளை போட்டு, போல்ட்டுகளை முறுக்கி, நட்டுக்கு வெளியே நீட்டியிருந்த மரைகளைச் சுத்தியலால் அடித்து நசுக்கினேன். இனி எந்த ஸ்பேனரும் கழற்றாது. ரதத்தை மாட்டி, குண்டைக் கவ்வும் கிண்ணத்தின் தாழ்ப்பாளுக்கு ஒரு பூட்டும் போட்டேன்.

"அன்னத்தோட அலகு கேபின் கண்ணாடிகிட்ட வந்து நிக்குதே, மாமா."

"ஒரு ஜாண் இடைவெளி இருக்கு. போதும்."

தெருவில் ஓட்டிப் பார்த்தோம். ஒன்றும் ஆகவில்லை. எங்கள் தெரு சமதளம்.

எதிர்வீட்டு வரதன், ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர், ரதத்தைச் சுற்றிச் சுற்றி வந்து போனில் படம் எடுத்தார்.

"எதுக்கு சார் போட்டோ?"

"சும்மாதான் சார். அழகா இருக்கே."

அழகைப் படம் எடுப்பவர் அதன் நீளத்தைக் காலடி வைத்து ஏன் அளக்க வேண்டும்? வண்டியில் அனுமதியில்லாமல் ஏதோ மாட்டியிருக்கிறோம் என்று போட்டுக்கொடுக்கப் போகிறார் என்றே முடிவு செய்தேன். தார்ப்பாய் கொண்டுவந்து, அவர் பார்க்கும்போதே போர்த்தினேன்.

முதல் ஆர்டர் ஊரின் பழைய குடும்பம் ஒன்றில். வயலெல்லாம் மனையாகிவிட்ட வீடு. அவர்களுக்குப் பிடித்துவிட்டால் அந்த வகையறா முழுவதும் சேகரைத்தான் கூப்பிடும். பிள்ளையார் கோயிலிலிருந்து மாப்பிள்ளை அழைப்பு புறப்பட்டது. முன்னால் பேண்டு, அன்னத்தின் மேல் கோட்டு சூட்டில் கல்யாண மாப்பிள்ளை. கேபினில் சேகருக்குப் பக்கத்தில் நான், காவலுக்கு. கூட்டத்தில் பிக்பாக்கெட் இருக்கும் என்று பூட்டுச் சாவியை வீட்டுப் பீரோவிலேயே வைத்துவிட்டு வந்திருந்தேன்.

மழைக்கு ஏரித்தண்ணீர் உள்ளே வருகிறது என்று அந்தக் கல்யாண மண்டபத்தின் வாசலை உயர்த்திக் கட்டியிருந்தார்கள். செங்குத்தான சரிவு. பிக்கப் மூக்கைத் தூக்கி ஏறியது. ட்ரெய்லர் இன்னும் சாலையில். கேபின் அப்படியே பின்னால் சாய்ந்தது. கண்ணாடி உடைகிற சத்தம். திரும்பிப் பார்த்தேன். எனக்கும் சேகருக்கும் நடுவில் அன்னம் தலையை நீட்டி நின்றது.

பின்னால் எடுக்கவும் வழியில்லை. வளைந்த அலகு ஜன்னல் சட்டத்தில் மாட்டியிருந்தது. இழுத்தால் கழுத்து முறியும். தலையில்லாத பறவையின் மேல் பிள்ளையை உட்கார வைக்க எந்த வீட்டில் சம்மதிப்பார்கள்? பேண்டுக்காரர்கள் திரும்பிப் பார்க்காமல் வாசித்துக்கொண்டே உள்ளே போய்விட்டார்கள்.

கல்யாண மாப்பிள்ளையின் தாய்மாமன் கேபினுக்குள் எட்டிப் பார்த்தார்.

"இன்னா சார் இது? மாப்ளைய இட்டுக்கினு வரச்சொன்னா, டிரைவரக் கொத்திக்கினு கீது? பூட்டத் தொறந்து வண்டியத் தனியா எடு."

"சாவி வீட்ல இருக்கு."

"நட்டக் கழட்டு."

"அது கழட்ட முடியாது. திருடன் கழட்டக் கூடாதுன்னு நசுக்கிட்டேன்."

அவர் அன்னத்தை ஏற இறங்கப் பார்த்தார். "இத்த எவன் சார் திருடுவான்? திருடி எங்க ஒளிச்சு வெப்பான்?"

எத்தனையோ கிளைகளில் எத்தனையோ கேள்வி கேட்டவன் நான். இந்தக் கேள்வியை மட்டும் கேட்டதே இல்லை.

மாப்பிள்ளை ஏணி வைத்து இறங்கி, சுவருக்கும் வண்டிக்கும் நடுவே பக்கவாட்டில் நகர்ந்து மண்டபத்துக்குள் போனார். விருந்தினர்களும் அப்படியே. வாசலில் நின்ற என்னைப் பெண்ணின் அப்பா என்று நினைத்துப் பலர் கைகொடுத்தார்கள். "ஏற்பாடெல்லாம் பிரமாதம்" என்றார் ஒருவர்.

கடைசியில் அதே பட்டறைக்காரர்தான் வந்து பூட்டை அறுத்தார். அதே சிரிப்பு. வண்டி ஏன் ராத்தங்க வேண்டும் என்று அப்போதுதான் கேட்டேன்.

"தொள போட்ட எடத்துல அடிச்ச பெயின்ட் காய வாணாமா சார்?"

சேகர் சீட்டிலிருந்து கண்ணாடித் தூளைத் தட்டிக்கொண்டே, "விடுங்க மாமா" என்றார். திட்டியிருந்தால் எனக்கு இவ்வளவு உறுத்தியிருக்காது. மறுநாள் வரதன் வந்து, தன் பெண் கல்யாணத்துக்காகப் பிள்ளை வீட்டாருக்கு அந்தப் படங்களை அனுப்பியிருந்ததாகவும், எங்கள் தெருவில் ரதம் திரும்புமா என்றுதான் அளந்ததாகவும் சொன்னார். இப்போது அவர்கள் தயங்குகிறார்கள் என்றும் சொன்னார். நான் மன்னிப்புக் கேட்டேன். தார்ப்பாய்க்கும் சேர்த்து.

சேகரின் தொழில் படுத்துவிடும் என்று நானும் வசந்தாவும் பயந்தோம். ஆனால் யாரோ எடுத்த வீடியோ வண்டலூர், பொத்தேரி வரை போன் போனாகச் சுற்றியது. குண்டு இப்போது பட்டறைக்காரர் கையால், தாள் சொன்ன இடத்தில் உட்கார்ந்திருக்கிறது. ஆர்டர் கொடுக்கக் கூப்பிடுகிறவர்கள் எல்லோரும் தேதி சொல்வதற்கு முன்னால் கேட்பது ஒன்றுதான்: "தம்பி, அந்த அன்னம் இப்பவும் கொத்துதா?"

சேகர், நான் பக்கத்தில் இருந்தாலும் கூச்சப்படாமல், எல்லோருக்கும் ஒரே பதில் சொல்கிறார்.

"இல்லீங்க. மாமாவ இப்ப வண்டிகிட்ட விடறதில்ல."