ஹார்லன் சுட்ட பத்து

"ஐயோ, சுடுது! கழுத்துக்குள்ள போயிடுச்சு அத்தான்!" என்று துள்ளி எழுந்தான் டுவெய்ன்.

ஹார்லனின் துப்பாக்கி சுட்டவுடன் வெற்றுக் கூட்டைத் தானே வலப்பக்கம் துப்பும். வலப்பக்கம் படுத்திருந்தவன் அவர் மனைவியின் தம்பி டுவெய்ன்.

"சோதனைக் குண்டு நடுவட்டத்துல, பத்துப் புள்ளியில விழுந்துச்சு, அதைப் பாரு!" என்றார் ஹார்லன்.

"பத்து இருக்கட்டும். இடம் மாத்திக்கலாம், இந்தப் பக்கம் வாங்க."

பாய், தொலைநோக்கி எல்லாவற்றையும் இழுத்துக்கொண்டு மாறிப் படுத்தார்கள். இலக்கு எண் மட்டும் மாறவில்லை. ஹார்லனுக்குப் பன்னிரண்டு, டுவெய்னுக்குப் பதிமூன்று.

துப்பாக்கி சுடும் போட்டியின் கோப்பையைப் பற்றி ஹார்லனுக்குக் கவலையில்லை. சலவை அறையில் ஆறு மாதமாக வெடிமருந்தை எடைபோட்டு எடைபோட்டு அவர் தோட்டா செய்த மேசைதான் பணயம். டுவெய்னின் கடைத் தோட்டாவிடம் தோற்றால் மேசை டுவெய்னுக்கு, இடம் தன் தையல் மெஷினுக்கு என்று மனைவி லொரெட்டா சொல்லிவிட்டாள். இவரும் வீறாப்பாகத் தலையாட்டிவிட்டார்.

போட்டி தொடங்கியது. அறுநூறு கெஜத்துக்கு அப்பால் பள்ளத்தில் இருந்தவர்கள் ஒவ்வொரு குண்டுக்கும் இலக்குகளை இறக்கி, ஓட்டையில் அடையாளமாக வட்டத் தட்டைச் செருகி, மறுபடி உயர்த்தினார்கள். துப்பாக்கிக் குறியில் எண் தெரியாது; தொலைநோக்கியில் பன்னிரண்டு தெரிந்தது.

ஏழு! இடது ஓரம்.

குறியில் தப்பில்லை, சற்றுமுன்தானே பத்து விழுந்தது? அப்படியானால் தோட்டாதான். வேறு எடை மருந்து போட்ட இரண்டாவது பெட்டியைத் திறந்தார்.

ஆறு. வலது ஓரம்.

"எனக்குப் பத்து!" என்றான் டுவெய்ன், தன் தொலைநோக்கியிலிருந்து கண்ணை எடுக்காமலே. "கொசு சைஸ்ல தோட்டா செஞ்சா இப்படித்தான். ஆம்பளைன்னா என்னை மாதிரி தடித் தோட்டா போடணும்."

"வாயை மூடிட்டுச் சுடுடா."

துப்பாக்கியின் தோள்வாரை இறுக்கினார். ஐந்து. வியர்த்ததென்று சட்டைப் பொத்தானைக் கழற்றினார். டுவெய்னின் கொதிக்கும் கூடு நேராக உள்ளே இறங்கியது. எல்லோரும் படுத்திருக்கும் வரிசையில் இவர் மட்டும் புழுவாய் நெளிந்தார்.

"நாலு! அத்தான், இலக்கை அடிக்கணும், மலையை இல்ல!"

மூன்றாவது பெட்டி, நான்காவது பெட்டி. இருப்புக் கொள்ளவில்லை. எந்தப் பெட்டியைத் திறந்தாலும் தட்டு புதிதாக ஒரு மூலைக்குப் போனது. பக்கத்தில் "பத்து", "இன்னொரு பத்து" என்று ஏலம் போட்டுக்கொண்டிருந்தான் மச்சான்.

பத்தாவது குண்டோடு ஹார்லனுக்கு நம்பிக்கையெல்லாம் விட்டுப்போயிற்று. எழுந்து, தாங்க முடியாத துக்கத்தோடு வீட்டுக்குப் போன் செய்தார்.

"லொரெட்டா, உன் மெஷினைக் கொண்டாந்து வச்சுக்க. எனக்குத் தோட்டா செய்ய வரல."

"அடப்பாவமே, அழுவுறீங்களா?"

"கண்ணுல புகை."

டுவெய்ன் பெருந்தன்மையாக முதுகில் தட்டினான். "விடுங்க அத்தான். மேசையை நாளைக்கே வந்து தூக்கிக்கறேன்."

அப்போது பள்ளத்தில் இலக்கு இறக்கும் பெர்னடீன் அக்கா, முகமெல்லாம் தூசியாக, மூச்சு வாங்க ஏறி வந்தாள். வாரநாளில் பள்ளிப் பேருந்து ஓட்டுபவள். அவள் குரலும் பிள்ளைகளின் கூச்சலை அடக்கும் அளவில்தான் இருக்கும்.

"பதிமூணுக்குச் சுட்டது யாரு?"

"நான்தான்க்கா!" என்று நெஞ்சை நிமிர்த்தினான் டுவெய்ன். "பத்துக்குப் பத்து!"

அவள் குனிந்து அவன் துப்பாக்கிக் குழாயைப் பார்த்தாள். பிறகு ஹார்லனுடையதைப் பார்த்தாள்.

"இந்தத் தடித் துப்பாக்கியிலயா? பதிமூணு நடுவுல இருக்கறது பத்தும் சின்ன ஓட்டை. பெரிய ஓட்டையெல்லாம் பன்னெண்டுலதான் சிதறிக் கிடக்கு!"