வானக் கண்ணாடி பாயிண்ட்

கொடைக்கானலில் எதுவானாலும் பாயிண்டாக இருந்தால்தான் மரியாதை. மலை விளிம்பு ஒரு பாயிண்ட், கத்தினால் திருப்பிக் கத்தும் பாறை ஒரு பாயிண்ட், மூடுபனியில் ஒன்றுமே தெரியாவிட்டால் அதுவும் ஒரு பாயிண்ட்தான். சுற்றுலா வந்தவர்களைப் பன்னிரண்டு பாயிண்ட் என்று பேசி ஏற்றிய டிரைவர் பதினொன்றோடு இறக்கிவிட்டால் கைகலப்பே வந்துவிடும்.

கிளாவரைக் கிராமத்துக் கேரட் விவசாயி பொன்னுச்சாமிக்கு இந்தச் சங்கதியெல்லாம் அநாவசியம். தோட்டத்துப் பாதையின் வளைவில் கிடந்த குழியை யாராவது மூடினால் போதும். லேசுப்பட்ட குழியா அது! போன மாதம் ஜீப்பின் அச்சை முறித்தது. பதினைந்து மூட்டைக் கேரட் மழையில் கிடந்து அழுகியது. மனுசன் நடுரோட்டில் உட்கார்ந்து அழுதேவிட்டார். அடுத்த கேரட் பிடுங்கலுக்கு இன்னும் இருபது நாள்தான் இருந்தது.

வெள்ளனே கிளம்பி மலைவழி மேம்பாட்டு அலுவலகத்துக்குப் போனார். அதிகாரி ரெக்ஸ் தேநீரை முடித்துவிட்டுக் கேட்டார்.

"உங்க பாயிண்ட் என்ன?"

"குழிங்க."

"அது புகாருங்க. புகாருக்கு நிதி இல்லை. பாயிண்டுக்கு இருக்கு."

கிளார்க் ஆக்ஸிலியா தலை நிமிராமலே உதவிக்கு வந்தார். "பாயிண்ட் டு பாயிண்ட் பஸ் நிக்கிற எடமா?"

"பஸ்ஸே வராதுங்க."

"சார்ஜிங் பாயிண்ட்?"

"கரண்டே பாதி நாள் கெடையாதுங்க."

"அப்ப டூரிஸ்ட் பாயிண்ட்தான் சார்."

ரெக்ஸ் முகம் மலர்ந்தது. "குழியில தண்ணி நிக்குமா?"

"முழங்கால் அளவு நிக்கும்."

"அதுல வானம் தெரியுமா?"

"குனிஞ்சு பாத்தாத் தெரியுங்க."

"போதும்!"

'இயற்கை எழில் வாய்ந்த மேற்படி தாழ்நிலை நீர்நிலையை' என்று தொடங்கிய விண்ணப்பத்தில் பொன்னுச்சாமி கையெழுத்துப் போட்டார். பேரு எதுவா இருந்தா என்ன, மூடினாச் சரி என்பது அவர் கணக்கு.

எட்டே நாளில் வேலை முடிந்தது. குழியைச் சுற்றிக் கம்பி வேலி, 'வானக் கண்ணாடி பாயிண்ட்' என்று பெரிய போர்டு, நின்று போட்டோ எடுக்க இரண்டு தகரச் சிறகு. ஜல்லி மட்டும் ஒரு கூடைகூட வரவில்லை. பொன்னுச்சாமி பதறியடித்து ஓடினார்.

"சார், குழிய மூடலையே!"

"குழிய மூடிட்டா பாயிண்ட் எங்கங்க இருக்கும்?" என்றார் ரெக்ஸ். அதுவும் நியாயமாகத்தான் பட்டது.

வேலி போட்டதில் பாதை பாதியானது. ஜீப் போகவே வழியில்லை. பிடுங்கல் நாள் வந்தபோது கேரட் அங்கேயே தேங்கியது. ஆனால் அந்தச் சனிக்கிழமை அறுபது கார் வந்து நின்றது! மதுரையில் இருந்தும் கோவையில் இருந்தும் வந்தவர்கள் வரிசையில் நின்று குழிக்குள் குனிந்து பார்த்து, "செம பாயிண்ட்டுல்ல!" என்று மெய்மறந்தார்கள். பொன்னுச்சாமியின் மனைவி பாப்பம்மாள் லேசுப்பட்ட ஆளில்லை. கேரட்டைக் கழுவித் தழையோடு கட்டி வேலியோரம் வைத்தாள். மத்தியானத்துக்குள் கூடை காலி.

அடுத்த வாரம் சுட்ட சோளம் வந்தது, அப்புறம் தேநீர்க் கடை. பொன்னுச்சாமி மண்வெட்டியை மூலையில் சாத்திவிட்டு, பாயிண்ட் பாதுகாப்புக் குழுத் தலைவர் ஆனார். பங்குனியில் தண்ணீர் வற்றியபோது 'நீர்நிலையின் மாண்பு குன்றாமல் பராமரிக்கவும்' என்று அலுவலகத்தில் இருந்து கடிதம் வந்தது. தினமும் விடிய ஆறு குடம் தண்ணீர் தூக்கி ஊற்றினார். இதைப் பார்த்துவிட்டு ஊரில் நாலு பேர் தத்தம் வாசலில் குழி தோண்ட ஆரம்பித்தார்கள்.

ஆறு மாதத்தில் ரெக்ஸ் மாற்றலாகிப் போனார். புதிதாக வந்த அருள்மணி விவரம் புரியாதவர். நிஜமாகவே ஜல்லியோடும் ரோலரோடும் வந்து இறங்கிவிட்டார். பொன்னுச்சாமி ரோலர் முன்னால் துண்டை விரித்துப் படுத்துக்கொண்டார். பின்னால் பாப்பம்மாள், சோளக்காரர்கள், குழி தோண்டிய நாலு பேர். ரோலர் வந்த வழியே திரும்பிப் போனது.

அன்று சாயங்காலம் மேல்தோட்டத்துக் கந்தவேல் நனைந்த சட்டையோடு வந்து நின்றான்.

"அண்ணே, வேலியத் தாண்டி ஜீப்பு போக முடியல. நாலு நாளா இருபது மூட்டைக் கேரட்டு மழையில அழுகுதுண்ணே. அந்தக் குழிய மட்டும் மூட விடுங்கண்ணே."

பொன்னுச்சாமி நாற்காலியில் சாய்ந்தபடி தேநீரை முடித்தார்.

"அது சரிப்பா, உன் பாயிண்ட் என்ன?"