எக்கேக்கோவுக்கு ஒரு சிகரட்

கிலுகிலு, கிலுகிலு எண்டு ஒரு சத்தம்.

இரவு வேலை முடிஞ்சு உடுப்பு மாத்திற அறையில சப்பாத்தைக் கழட்டிக்கொண்டிருந்தன். அலுமாரி வரிசைக்கு அங்கால ஆரோ சலங்கை கட்டி வாற மாதிரிக் கிடந்தது. நித்திரை இல்லாத மூளை எதையும் நம்பும். அசையாமல் இருந்தன்.

வந்தது மார்த்தா. சுவிஸில, ஓல்டனில நாங்கள் ரெண்டு பேரும் ஒரே பெல்டில பார்சல் பிரிக்கிற ஆக்கள். பொலிவியாவில லாபாஸ் நகரத்துக்காரி. கையில ஒரு பொம்மை. மீசை, சிவந்த கன்னம், ஆவெண்டு திறந்த வாய். உடம்பு முழுக்கக் குட்டிச் சாமான் தொங்குது. குட்டி அரிசி மூட்டை, குட்டிக் கார், குட்டிச் சூட்கேஸ். நெஞ்சுக்கு நடுவில தகரத்தில ஒரு குட்டி வீடு.

"குணா, நாளைக்கு வெள்ளிக்கிழமை. இவருக்கு ஒரு சிகரட் குடுக்கவேணும்," எண்டா.

அவ்வளவுதான் வேலை. ஒரு பொம்மைக்கு ஒரு சிகரட். இதில என்ன பிழைக்கப்போகுது எண்டு நினைச்சன். நான் அப்பிடித்தான் நினைக்கிறனான்.

பொம்மைக்குப் பேர் எக்கேக்கோ. அவையின்ர ஊரில செல்வத்துக்கான சாமி. என்ன வேணுமோ அதைச் சின்னனாச் செய்து இவரில கட்டிவிட்டால், பெரிசாத் தருவார். இதுக்கெண்டே அங்க தையில ஒரு சந்தை கூடுமாம். ஆனால் வெள்ளிக்கிழமையில வாயில சிகரட் வைக்கவேணும். கடைசி வரைக்கும் எரிஞ்சால் நல்லது. பாதியில அணைஞ்சால் கோவிச்சுப் போடுவார்.

"நீ வைக்கமாட்டியோ?"

"தங்கச்சிக்குப் பிள்ளை பிறந்திருக்கு, நொஷாட்டலுக்குப் போறன். அவ இப்ப அல்லேலூயாச் சபைக்குப் போறவ. இவரைக் கண்டால் பேய் எண்டு யன்னலால எறிவா."

எங்கட ஆக்களுக்கு இதுக்கு மேல விளக்கம் தேவையில்லை.

பிறகு குரலைக் குறைச்சா. "நாளைக்குத்தான் வீட்டு முடிவு சொல்லுவினம், குணா."

அதுவும் எனக்குத் தெரியும். மார்த்தாவும் மகளும் ஒற்றை அறையில இருக்கினம். தாய் பகலில படுக்கிறதால, பிள்ளை குளியலறையில, மூடின கொமட்டுக்கு மேல இருந்து சோதனைக்குப் படிக்குது. மூண்டரை அறை வீடு ஒண்டுக்குக் கேட்டிருக்கினம்: ரெண்டு படுக்கை அறை, ஒரு ஹோல்.

"நீ ஒண்டுக்கும் யோசியாதை. அந்த நாட்டைப் பற்றி நான் நிறைய வாசிச்சனான்," எண்டன். வாசிச்சது உண்மை. பகலில நித்திரை வராதவன் கைபேசியில எல்லாத்தையும் பாதிவரைக்கும் படிச்சிருப்பான்.

பொம்மையோட, கூலியா ஒரு சால்தேனியாவும் தந்தா, அவையின்ர ஊர் இறைச்சிப் பலகாரம். பாக்க எங்கட பட்டீஸ்தான். பட்டீஸ் எண்டே நினைச்சு நடுவில கடிச்சன். உள்ளுக்குள்ள ஒரு கோப்பை ரசம்! நாடியால வழிஞ்சு, சேட்டுக்குள்ள இறங்கி, இடுப்பு வாரில போய் நிண்டது.

"நுனியில கடிச்சு உறிஞ்சவேணும். லாபாஸில சின்னப் பிள்ளைக்கும் தெரியும்," எண்டா மார்த்தா. "நீ வாசிச்சதில அது இல்லையோ?"

வெள்ளிக்கிழமை காலமை வேலை முடிய, ஸ்ரேசன் கியோஸ்கில ஒரு பெட்டி சிகரட் வாங்கினன். நான் விட்டுக் கனகாலம். காசு குடுத்துத் திரும்பினால், பின்னால சிவா அண்ணை. கோயில் நிர்வாகம்.

"தம்பி, நீர் விட்டிட்டீர் எண்டெல்லோ சொன்னவை?"

"எனக்கில்லை, அண்ணை."

"அப்ப ஆருக்கு?"

நல்ல பொய் ஒண்டு சொல்லியிருக்கலாம். இரவு முழுக்க நிண்ட மூளையில உண்மை மட்டும்தான் மிச்சமிருந்தது.

"ஒரு பொம்மைக்கு."

அண்ணை என்ரை கண்ணைப் பாத்தார். சேட்டில கிடந்த கறையைப் பாத்தார். மாத்து வேலைச் சேட்டு இல்லையெண்டு முதல் நாள் சேட்டோடதான் போயிருந்தன்.

"வேலை சரியான கடுமையோ, தம்பி?" எண்டு தோளில தட்டிப்போட்டுப் போனார்.

நான் வீட்டுப் படி ஏற முந்திச் செய்தி ஏறிட்டுது. மனிசி சுகந்தி கதவைத் திறந்துகொண்டு நிக்கிறா.

"பொம்மைக்கே சிகரட்?"

"ஓமப்பா, அது சாமி."

"சாமி சிகரட் குடிக்குமே?"

"எங்கட பக்கம் முனிக்குச் சுருட்டு வைக்கிறேல்லையோ?"

"முனி வீட்டுக்குள்ளயே இருக்கிறவர்? வெள்ளிக்கிழமை வீடு கழுவி விளக்கு வைச்சிருக்கிறன். ரெண்டு பேரும் வெளியில போங்கோ!"

எங்கட வீட்டில வெளி எண்டால் பல்கணி. "போறதுதான் போறியள், இதையும் காயப்போடுங்கோ," எண்டு தோய்ச்ச உடுப்புக் கூடையையும் தந்தா. பாதி உடுப்பைப் போட்டுட்டு, எக்கேக்கோவைக் கதிரையில இருத்திச் சிகரட்டை அவரின்ர வாயில வைச்சு, லைட்டரைப் பிடிச்சன்.

பத்தேல்லை. உள்ளுக்கு இழுக்க ஆள் வேணுமெல்லோ! களிமண் எப்பிடி இழுக்கும்?

சரி, பத்தவைக்க மட்டும் எண்டு என்ரை வாயில வைச்சுப் பத்தி, அவருக்குக் குடுத்தன்.

அதுக்குப் பிறகு பாக்கோணும்! ஆள் சோக்காக் குடிக்கிறார். மீசைக்கு மேலால புகை போகுது. ஓய்வூதியம் எடுத்த ஆள் மாதிரி யூரா மலையைப் பாத்துக்கொண்டிருக்கிறார். எனக்கு உண்மையாவே பொறாமை வந்தது.

சரியாப் பாதியில ஆத்துப் பக்கத்தால ஒரு காத்து. நெருப்புப் புள்ளி மங்குது. சாம்பல் நிறமாகுது.

அந்தப் பிள்ளை குளியலறையில இருந்து படிக்கிறது கண்ணுக்கு முன்னால வந்துட்டுது. பாய்ஞ்சு சிகரட்டைப் பறிச்சு ஒரு இழுவை இழுத்தன். அணையக் கூடாதெண்டு.

ரெண்டாவது இழுவை, பத்தினது உறுதிதானோ எண்டு பாக்க.

மூண்டாவதுக்கு எனக்கு ஒரு காரணமும் கிடைக்கேல்லை.

கீழ ரயில் பாதை மாறிற சத்தம். மெல்லிய வெயில். இவ்வளவு காலமா நித்திரைக்கு என்னென்னவோ குடிச்சும் வராத ஒரு அமைதி. எக்கேக்கோ வாயைத் திறந்தபடி என்னைப் பாத்துக்கொண்டிருக்கிறார். நான் அவரைப் பாக்கேல்லை.

பஞ்சு வரைக்கும் வந்தாப் பிறகுதான் கதவு திறந்தது.

சுகந்தி பொம்மையைப் பாத்தா. என்ரை வாயைப் பாத்தா.

"இப்ப ஆர் சாமி? அவரோ, நீங்களோ?"

"அவருக்கு இழுக்கத் தெரியேல்லையப்பா. பழக்கினனான்."

அந்த நேரம் பாத்துக் கைபேசி அடிச்சுது. மார்த்தா.

"முதல் சொல்லு, குணா. கடைசி வரைக்கும் எரிஞ்சதோ?"

"எரிஞ்சது," எண்டன். அதில பொய் இல்லை.

"வீட்டுக்காரர் போன் எடுத்தவை. அந்த மூண்டரை அறை வேற ஆக்களுக்குப் போட்டுது. ஆனால் அதே கட்டிடத்தில ரெண்டரை அறை ஒண்டு இருக்காம். தாறமெண்டு சொல்லிப்போட்டினம்! மகள் அழுகிறாள். அவளுக்குச் சொந்தமா ஒரு அறை, குணா! நான் ஹோலில படுப்பன். இரவு வேலைக்காரிக்கு என்னத்துக்கு அறை?"

எக்கேக்கோவின்ர நெஞ்சில கிடந்த தகர வீட்டைத் தொட்டுப் பாத்தன்.

"ஒண்டுதான் விளங்கேல்லை," எண்டா. "கடைசி வரைக்கும் எரிஞ்சிருக்கு. பிறகேன் ஒரு அறையைக் குறைச்சவர்?"

பக்கத்தில சுகந்தி இடுப்பில கை வைச்சுக்கொண்டு நிக்கிறா. தப்ப வழியில்லை.

"மார்த்தா... முதல் பாதி அவர் குடிச்சவர். மற்றப் பாதி நான்."

நொஷாட்டலில ஒரு கைக்குழந்தை அழுகிறது மட்டும் கேக்குது. பிறகு மார்த்தா சிரிக்கத் தொடங்கினா. தங்கச்சி உள்ளுக்க இருந்து என்னெண்டு கேக்கிற அளவுக்குச் சிரிச்சா.

"அப்ப என்ர அறை உன்ர நெஞ்சுக்குள்ள கிடக்கு," எண்டா. "பத்திரமா வைச்சிரு!"

கைபேசியை வைச்சுட்டு நல்லா ஒருக்கா இருமிப் பாத்தன். ஒரு அறையும் வரேல்லை.

கூடையில மிச்சம் கிடந்த காற்சட்டையை எடுத்து, உதறி, கொடியில போட்டன்.