இரண்டு நாற்காலியும் ஓர் ‘ஆகட்டுங்க’வும்

கோயமுத்தூரில் தன்னைப் பார்க்கத் தானே நேரம் கேட்கக்கூடிய ஒரே ஆள் எங்கள் லேபிள் அம்மணிதான்.

பீளமேட்டில் என் வீட்டு முன்னறையை வாடகைக்கு எடுத்து, எண்ணெய் டின்னுக்கும் மசாலா பாக்கெட்டுக்கும் லேபிள் வரைந்து கொடுத்தார். முதலாளி, ஓவியர், மேனேஜர் எல்லாம் அவர் ஒருவரே. ஆனால் நாற்காலி இரண்டு. ஜன்னலோர மர நாற்காலியில் உட்கார்ந்தால் வரைவார். வாசலோரச் சிவப்பு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தால் வியாபாரம்.

வரையும்போது யாராவது வந்து, “எப்பங்க முடியும்?” என்று கேட்டால் திரும்பிக்கூடப் பார்க்கமாட்டார்.

“எனக்குத் தெரியாதுங்க. ஆபீஸ்ல கேளுங்க.”

“ஆபீஸ் எங்கீங்க?”

“பதினோரு மணிக்குத் தொறக்குமுங்க.”

பதினொன்று அடித்ததும் எழுந்து, நாலு எட்டு நடந்து, சிவப்பு நாற்காலியில் உட்கார்ந்து, “வாங்க வாங்க, வந்து ரொம்ப நேரமாச்சுங்களா?” என்பார்.

ஒரு மசாலாக்காரர் மிளகாயைப் பச்சையாக்கச் சொன்னார். “எங்க ஆர்ட்டிஸ்ட் கோவக்காரிங்க. கேட்டுப் பாக்கறேன்” என்று மர நாற்காலிக்குப் போய் ஒரு நிமிடம் உட்கார்ந்தார். திரும்பி வந்து, “ஒத்துக்க மாட்டேங்கறாங்க” என்றார். “நான் வேணா பேசட்டுங்களா?” என்று மசாலாக்காரர் காலி நாற்காலியைப் பார்த்தார்.

இதில் நான் மூக்கை நுழைத்தேன். முப்பது வருடம் கல்லூரியில் பொருளாதாரம் நடத்தியவன். வேலைப் பிரிவினை பற்றி எனக்கா தெரியாது? காலையில் அவர் போனை நான் எடுப்பதாகச் சொன்னேன்.

“எதுக்கும் தலையாட்டிப்போடாதீங்க சார். பதினோரு மணிக்குக் கூப்பிடுங்கன்னு மட்டும் சொல்லுங்க” என்றார்.

அப்போது காங்கேயத்து எண்ணெய் மில் ஒன்றின் லேபிள் நடந்துகொண்டிருந்தது. அவருக்கு வந்ததிலேயே பெரிய வேலை. மில்காரரின் சொந்தக்காரர்களும் தங்கள் லேபிள்களுக்கு அவரிடமே வருவதாக இருந்தது. அம்மணி நான்கு முறை காங்கேயம் போய், வெயிலில் நின்று பார்த்து, ஒரு காளை வரைந்தார். திமில் மட்டும் ஒரு வாரம்.

அச்சுக்குப் போகும் நாள் காலையில் மில்காரர் கூப்பிட்டார். “காளைக்குப் பதிலா எங்கப்பா போட்டோவைப் போட்டுப்போடலாமுங்களா?”

நான் குறுக்கெழுத்துப் புதிரில் இருந்தேன். “ஆகட்டுங்க” என்றேன். எங்கள் பக்கத்தில் அதற்கு ‘காதில் விழுந்தது’ என்றும் அர்த்தம், ‘செய்யுங்கள்’ என்றும் அர்த்தம். அவர் இரண்டாவதை எடுத்துக்கொண்டு, போட்டோவை நேராக அச்சகத்துக்கே அனுப்பிவிட்டார். நான் புதிருக்குத் திரும்பி, அதை மறந்தேபோனேன்.

டின் வந்தது. அச்சகத்தார் காளையை எடுத்துவிட்டு அப்பாவை வைத்திருந்தார்கள். வாலை எடுக்க மறந்துவிட்டார்கள்.

அம்மணி மில்காரருக்குப் போன் செய்தார். “ஏனுங்க, கேக்காம மாத்திப்போட்டீங்களே... கேட்டீங்களா? யாருகிட்டீங்க?” பிறகு என்னைப் பார்த்தார். “உங்ககிட்டக் கேட்டாராம். கேட்டாருங்களா சார்?”

அப்போதுதான் எனக்கு ஞாபகம் வந்தது. “இல்லையே அம்மணி” என்றேன்.

படித்த வாய் சொன்ன பொய். அதை நம்பி அவர் மில்காரரிடம், “நம்ம வேலை இத்தோட போதுமுங்க” என்றார். சொந்தக்காரர்கள் யாரும் வரவில்லை. அடுத்த இரண்டு மாதமும் அம்மணி வேலை கேட்டுச் சிவப்பு நாற்காலியிலேயே கிடந்தார். ஜன்னலோரம் தூசி படிந்தது.

ஒருநாள் தாங்காமல் சொல்லிவிட்டேன். அவர் சிவப்பு நாற்காலியை விட்டு எழுந்தார். பிறகு, “செருப்பைப் போடுங்க சார். அவருகிட்டயும் சொல்லிப்போடுங்க” என்றார்.

காங்கேயத்தில் மில்காரர் முழுவதும் கேட்டுவிட்டு எனக்கு இளநீர் வெட்டிக் கொடுத்தார். திட்டியிருந்தால் சுலபமாக இருந்திருக்கும். “எங்கம்மா அந்த வாலைப் பாத்ததுல இருந்து எங்கூடப் பேசறதில்லீங்க. காளையவே போட்டுக் குடுங்க அம்மணி” என்றார்.

திரும்பும் பஸ்ஸில் ஒரே ஒரு இடம்தான் இருந்தது. “உக்காருங்க சார். நெசத்தைச் சொல்லிக் களைச்சிருப்பீங்க” என்றார் அம்மணி.

பல்லடம் வரைக்கும் நின்றுகொண்டே வந்தார், என் பையையும் பிடித்துக்கொண்டு.