குளிர வையும்

"சிவசங்கரா, பெட்டி மூணையும் உடனே குளிர வையும்வே! பைய. ஒரு கணக்கும் போயிரக் கூடாது, சொல்லிட்டேன்!"

தாணுமாலையன் அண்ணாச்சி இவ்வளவுதான் சொன்னார். அவருடைய கார் ராதாபுரத்தை நெருங்கியிருக்கும். லைன் போய்விட்டது.

சிவசங்கரன் கடையின் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்பவன். அண்ணாச்சியின் பாத்திரக் கடைகள் அத்தனையிலும் பில் ஓடுவது, திருநெல்வேலி தலைமைக் கடையிலிருக்கும் மூன்று சர்வர்களால்தான். அவைதான் அண்ணாச்சிக்குப் 'பெட்டி'. அண்ணாச்சி வாயில் 'அணை' என்ற சொல் வரவே வராது. அபசகுனமாம். பூஜை விளக்கானாலும் கடை போர்டானாலும் 'குளிர வை'தான். ஆக, முகூர்த்த நாளும் அதுவுமாக, நடு வியாபாரத்தில் மூன்றையும் அணைக்கச் சொல்கிறார்!

திருப்பி அழைத்தான். தொடர்பு எல்லைக்கு வெளியே.

முன்னால் இந்த வேலையில் இருந்த குருபிரசாத், வயரைப் பிடுங்கி அணைத்தவர். ஒரு மாதக் கணக்கு போனது. பின்னாலேயே குருபிரசாத்தும் போனார். சென்னையில் தனியாகக் கிடந்த சிவசங்கரன் இப்போதுதான் பெண்டாட்டி கையால் சாப்பிடுகிறான். மறுபடி பெட்டி கட்டவா?

சர்வர் அறைக்குள் நுழைந்ததுமே சட்டை நனைந்துவிட்டது. அவ்வளவு பயம்.

முதல் சர்வரை அணைத்தான். அதுதான் தலைமை, அது கடைசியில் போக வேண்டும் என்பது அணைத்த பிறகு நினைவு வந்தது. தலைமை நாற்காலி காலியானதும் இரண்டாவது ஏறி உட்கார்ந்துகொண்டது. அதையும் அணைத்தான். துணைக்கு ஆளில்லாத மூன்றாவது, ஒரு வேலையும் செய்ய மாட்டேன் என்று சிவப்பு விளக்கைக் காட்டியது.

ஸ்ரீவைகுண்டம் கிளையிலிருந்து விஜயஸ்ரீ அலறினாள். "அண்ணே, பில்லு பாதியில நிக்கி! பொண்ணு வீட்டுக்காரவ குத்துவிளக்கத் தூக்கிக்கிட்டு நிக்காவ!"

"கையால எழுதிக் குடும்மா!"

"எழுதவா? கடையில பேனா யாருட்டண்ணே இருக்கு?"

பதறிப்போய் அணைத்த இரண்டையும் மறுபடி போட்டான். இரண்டுமே நான்தான் தலைமை என்று நின்றன. விக்கிரமசிங்கபுரத்தில் வாங்கிய அண்டாவுக்கும் ஸ்ரீவைகுண்டத்துக் குத்துவிளக்குக்கும் ஒரே பில் நம்பர் விழுந்தது.

"நெல்லையப்பா, என்னக் காப்பாத்து!"

எல்லாக் கிளைகளுக்கும் போன் போட்டு பில்லை நிறுத்தச் சொன்னான். சண்டையைத் தீர்த்து, முதலாவதையே தலைமை ஆக்கினான். கணக்கைச் சரிபார்த்தான். மூன்றாவதை அணைத்தான், அடுத்து இரண்டாவதை. கடைசியாகத் தலைமையை அணைத்தான்.

பச்சை விளக்கெல்லாம் போயிற்று. ஒரு கணக்கும் போகவில்லை. சிவசங்கரன் தரையிலேயே உட்கார்ந்துவிட்டான். அழுகை வரும்போல இருந்தது.

கதவைத் திறந்து, பில் போடும் முத்துராணி தலையை நீட்டினாள்.

"சாரே, அண்ணாச்சி லைன்ல இருக்காவ. காலைல இந்த ரூமு ஏசியப் போட மறந்துட்டாவளாம், அதைப் போட்டுப் பெட்டியெல்லாம் குளிர வச்சாச்சான்னு கேக்காவ."