முன்படியில் ஏறுடி

இதை எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். எட்டாவதோடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன், பாலினம் பற்றியெல்லாம் எழுதினால் கணக்கு வாத்தியாரே சிரிப்பார். ஆனால் டபுள் விசிலைப் பற்றி நான் எழுதாவிட்டால் வேறு யார் எழுதப் போகிறார்கள்?

தஞ்சாவூர் - ஒரத்தநாடு தனியார் பஸ்ஸில் கண்டக்டர் அவர்; டபுள் விசில் நாங்கள் வைத்த பட்டப்பெயர். மனுஷ ஜாதியை அவ்வளவு சுலபமாகப் பிரித்த ஆள் உலகத்திலேயே கிடையாது. முன்படியில் ஏறினால் 'டி', பின்படியில் ஏறினால் 'டா'. 'ங்க' என்பது அவர் வாயில் வந்ததே இல்லை. பஸ் முதலாளி ஏறியபோதும், "உள்ள போடா, படியக் குத்தகைக்கா எடுத்திருக்க?"தான்.

என்னோடு பத்து வருஷம் பின்படியில் தொங்கிய கூட்டாளி, சென்னைக்கு வேலைக்குப் போய், தேன்மொழியாகத் திரும்பி வந்தாள். சுடிதார், பொட்டு, தோளில் பை. பஸ் வந்ததும் இரண்டு படிக்கும் நடுவில் நின்று, அவர் என்ன சொல்லப்போகிறார் என்று பார்த்தாள். மனுஷனுக்கு விசில் வாயிலேயே சிக்கிக்கொண்டது. கடைசியில் சொன்னார்:

"ஏறுங்க."

பஸ்ஸே திரும்பிப் பார்த்தது. கலெக்டருக்கும் கிடைக்காத மரியாதை. தேன்மொழி முகம் செத்துவிட்டது. அடுத்த பஸ்ஸில் வருகிறேன் என்று நகர்ந்துகொண்டாள். ஊரே டாவும் டியுமாகப் போகிற வண்டியில் அவள் மட்டும் விருந்தாளியா?

அன்றிலிருந்து டபுள் விசில் என்னைப் பிடித்துக்கொண்டார். இடையில் மாறலாமா, மாறினால் யாரைப் பிடிக்கும் என்று டிக்கெட்டுக்கு டிக்கெட் கேள்வி. நானும் பெரிய டாக்டர் மாதிரி, நாம் யார் என்பது வேறு, யார் மேல் ஆசை என்பது வேறு என்று செல்போனில் படித்ததை எடுத்துவிட்டேன். டிக்கெட் கிழிப்பதை நிறுத்திவிட்டுக் கேட்டார்.

"அதாவது போர்டு வேற, பாசஞ்சர் வேற?"

"அப்படியே வெச்சுக்குங்க."

"அப்ப அந்தப் புள்ள மாறவே இல்லடா. நாமதான் இத்தன நாளா போர்டத் தப்பா மாட்டி வெச்சிருக்கோம்."

சொன்ன வேகத்தில் ஒரு ஸ்டாப்பிங்கை விட்டுவிட்டார். ஞானம் அவருக்கு, வெயிலில் நடை இறங்க வேண்டியவருக்கு.

மறுவாரம் தேன்மொழி ஷேர் ஆட்டோவுக்காக ஓரமாக நின்றாள். பஸ் அவள் பக்கத்தில் வந்து நின்றது.

"ஏய் தேனு, முன்னாடி ஏறுடி. உன் ஒருத்திக்காக நடவு முடியிற வரைக்கும் பஸ்ஸு நிக்குமா?"

கண்ணைத் துடைத்துக்கொண்டே ஏறினாள். அதற்கும் திட்டு. "சீட்டுல உக்காந்து அழுடி. படி வழுக்கும்."

அவ்வளவு அழகாக ஒருத்தர் திட்டி நான் கேட்டதில்லை.

எழுதி முடித்து அவளுக்கே அனுப்பினேன். "மச்சான், இதைப் பத்திரிகைக்குக் கொடுக்கட்டுமா?"

பதில் வந்தது: "டபுள் விசிலே திருந்திட்டாரு, நீ எப்படா இந்த 'மச்சான்'ங்கிறத விடுவ?"