காதில் விழக்கூடாத குரல்

"ஏம்மா, அவ குரல் என் காதுல விழக்கூடாது. அதை மட்டும் எடுத்துடு," என்றார் பாடகர்.

கண்ணாடிக்கு இந்தப் பக்கம் கணினி முன் உட்கார்ந்திருந்த ஒலிப்பதிவுக்காரி திகைத்தாள். பாட வந்திருப்பது காதல் பாட்டு. 'அவ' என்பது அடுத்த அறையில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு நிற்கும் அவர் மனைவி. இவளை நம்பித் தனியாக ஒப்படைத்த முதல் பதிவு இது. மாலை ஐந்து மணிக்குள் பாட்டு தயாரிப்பாளருக்குப் போயாக வேண்டும்.

மனைவியின் மைக்கிலிருந்து கணவரின் ஹெட்போனுக்குப் போகும் இணைப்பைத் திரையில் தேடிப் பிடித்துத் துண்டித்தாள்.

பல்லவியிலேயே கணவர் அரை அடி முந்திக்கொண்டார்.

"இவர் எந்த ரயிலைப் பிடிக்கப் போறார்? என் காதுலேர்ந்தும் அவரை எடுத்துடும்மா," என்றார் மனைவி.

எடுத்தாள். இப்போது ஒருவர் பல்லவியில் இருக்க, மற்றவர் சரணத்துக்குப் போய்விட்டார்.

தாளம் பிசகாமல் இருக்க 'டிக் டிக்' ஒலியை இருவர் காதுக்கும் அனுப்பினாள்.

"மண்டையில ஆணி அடிக்கிற மாதிரி இருக்கு," என்றார் கணவர்.

"எனக்கும்தான்," என்றார் மனைவி. அன்றைக்கு அவர்கள் ஒத்துப்போன ஒரே விஷயம் அது.

'டிக் டிக்'கை எடுக்கும் அவசரத்தில், கணவரின் மைக்கை மனைவியின் ஹெட்போனுக்கே திருப்பிவிட்டாள். அதைக் கவனிக்கவும் இல்லை.

கணவர் குரலைத் தாழ்த்தினார். "உங்கிட்ட மட்டும் சொல்றேன்மா. அவளுக்கு மேல் ஸ்தாயி எட்டாம நாலு வருஷம் ஆச்சு."

அடுத்த அறையிலிருந்து உடனே பதில் வந்தது. "அவர்கிட்ட சொல்லும்மா, ஒரு வரிக்கு மூணு தடவை அவருக்கு மூச்சு வாங்குது. கேக்கறவங்க, பாவம், மாடிப்படி ஏறிக்கிட்டே பாடறார்னு நினைச்சுக்கறாங்க."

பதறிப்போய் எதையோ அமுக்கினாள். அமுக்கியது வேறு பொத்தான். இரண்டு மைக்கும் இரண்டு ஹெட்போனுக்கும் சேர்ந்தே போயின, பாட்டுக்கென்று வைத்திருந்த எதிரொலியோடு.

"வாயை மூடு... மூடு... மூடு..."

"நீங்க மூடுங்க... மூடுங்க... மூடுங்க..."

பத்து நிமிடம் கழித்து இரண்டு அறைக் கதவுகளும் ஒன்றாகத் திறந்தன. இருவரும் அவள் முகத்தைக்கூடப் பார்க்காமல் வெளியேறினார்கள்.

அவள், இருபது வருஷமாகச் சேர்ந்து பாடும் தம்பதியை ஒரே மத்தியானத்தில் பிரித்துவிட்டோமே என்று பயந்து தயாரிப்பாளருக்குப் போன் போட்டாள்.

"தப்பு முழுக்க என்னோடது சார். லைனை மாத்திப் போட்டுட்டேன். ரெண்டு பேரும் கோச்சுக்கிட்டுப் போயிட்டாங்க."

மறுமுனையில் பெருமூச்சு கேட்டது. "காலையில அவங்க வீட்டுக்குப் போய் மன்னிப்பு கேட்டுக் கூட்டிக்கிட்டு வா. பதிவை நாளைக்கு வெச்சுக்கலாம். அதுவரைக்கும் எதையும் தொடாதே."

போனை வைத்தபோது கதவோரம் அவர்களுடைய கார் டிரைவர் நின்றிருந்தார்.

"பாட்டு எழுதின காகிதத்தை விட்டுட்டு வந்துட்டாங்களாம்மா."

எடுத்துக் கொடுத்தவள் தயங்கினாள். "அண்ணே, கார்ல ரெண்டு பேரும் பேசிக்கறாங்களா?"

"பேசவா? பாடிக்கிட்டு இருக்காங்க," என்றார் டிரைவர், காகிதத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்தபடி. "பாட்டு பாடமாகலேன்னா எந்த ஸ்டுடியோவுலயும் இந்தச் சண்டையைத்தாம்மா போடுவாங்க."